தாமதத்தை யார் சுமப்பது?

கப்ஹெட் 2017-ல் வந்த கேம். இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம், ஆனால் இரண்டு பேரும் ஒரே திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். இணையம் வழியாகச் சேர்ந்து ஆடும் வசதியை அதைச் செய்தவர்கள் வைக்கவே இல்லை. அம்பு விட்டு ஆடும் டவர்ஃபாலும் அப்படித்தான். இருந்தும் மும்பையில் சயான் கோலிவாடாவில் இருக்கும் நான், திருநெல்வேலியில் இருக்கும் சித்தி மகனோடு கப்ஹெட் ஆடுகிறேன். அவன் கணினியில் அந்த கேம் கிடையாது, அவன் அதைக் காசு கொடுத்து வாங்கவும் இல்லை. இது எப்படி நடக்கிறது, ஏன் சில நாள் வெண்ணெய் மாதிரி ஓடி சில நாள் ஆடவே முடியாமல் போகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதைப் பற்றித் தமிழில் கேட்கிறவர்களுக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் “நல்ல நெட் போடு” என்பதோடு முடிந்துவிடுகிறது. நெட் வேகம் இதில் பாதி விஷயம்கூட இல்லை.

முதலில், ஒரே திரை கேம் உள்ளுக்குள் எப்படி ஓடுகிறது என்று பார்க்கலாம். நொடிக்கு 60 தடவை அது ஒரு சுற்றுச் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் முதல் கண்ட்ரோலரில் எந்தப் பொத்தான் அமுங்கியிருக்கிறது, இரண்டாவதில் எது என்று பார்க்கும், இருவரையும் நகர்த்தும், குண்டு யார் மேல் பட்டது என்று கணக்குப் போடும், படத்தை வரையும். எல்லாவற்றுக்கும் சேர்த்து அதற்கு இருக்கும் நேரம் 16.7 மில்லி நொடி. ஒரே கணினி, ஒரே நினைவகம் என்பதால் யார் எங்கே நிற்கிறார், யாருக்கு எத்தனை உயிர் மிச்சம் என்பதில் சண்டைக்கே இடமில்லை. இதையே இரண்டு கணினிகளில் ஓட்டினால் இரண்டு கணக்குகள் வந்துவிடும். நான் குதித்த செய்தி அவன் கணினிக்குப் போய்ச் சேர்வதற்குள் அங்கே மூன்று சுற்று ஓடியிருக்கும், அங்கே நான் குதிக்காமல் அடிவாங்கிச் செத்திருப்பேன். எது உண்மை என்று தீர்த்துவைக்க கேமை ஆரம்பத்திலிருந்தே அதற்கேற்ப எழுத வேண்டும், முடிந்தபின் மேலே ஒட்டவைக்கும் வேலை இல்லை இது. சின்னக் குழுக்கள் இதைத் தொடாமல் விடுவதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

அப்படியானால் இணையத்திலேயே ஆடும்படி செய்த கேம்களை ஆடிவிட்டுப் போகலாமே என்று கேட்கலாம். ஆடலாம், ஆடுகிறோம். ஆனால் ஒரே திரை கேமில் இருக்கும் ஒன்று அதில் இல்லை. கேப்காம் 1993-ல் வெளியிட்ட கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸை நம் பக்கம் எல்லோரும் முஸ்தபா என்றுதான் சொல்வோம், அதில் வரும் மஞ்சள் தொப்பிக்காரன் பெயர் அது. தாராவிப் பக்கத்துச் சந்துகளில் இருந்த வீடியோ கேம் கடைகளில் அந்தப் பெட்டிக்கு முன்னால் மூன்று பேர் முழங்கை இடிக்க நின்று ஆடுவோம். அதில் ஒருவன் பின்தங்கி நின்றால் திரை நகராது. முன்னால் ஓடுகிறவன் திரையின் விளிம்பில் முட்டிக்கொண்டு நிற்பான், “வாடா, வாடா” என்று கத்துவான். கீழே விழுந்து கிடக்கும் சாப்பாட்டை உயிர் குறைவாக இருப்பவனுக்கு விட்டுக்கொடுக்கச் சொல்லி ஒரு பஞ்சாயத்து நடக்கும். மூன்று பேருக்கும் ஒரே படம் என்பதால் வரும் நெருக்கம் இது. ஆளுக்கொரு திரை வைத்து, அவரவர் திசையில் ஓடும் கேமில் இது வராது. ஊர் ஊராகப் பிரிந்துபோனவர்கள் இதைத்தான் திரும்பக் கேட்கிறார்கள்.

இதற்குக் கண்டுபிடித்த வழி மிக எளிமையானது. கேமை இரண்டு கணினியில் ஓட்டுவதையே விட்டுவிட்டார்கள். கேம் என் கணினியில் மட்டும் ஓடும். அதன் படமும் சத்தமும் வீடியோவாகத் தம்பியின் கணினிக்குப் போகும். அவன் அமுக்கும் பொத்தான் மட்டும் என் கணினிக்குத் திரும்பி வரும். என் கணினி அதை இரண்டாவது கண்ட்ரோலர் செருகியது மாதிரி கேமுக்குக் காட்டும், கேமுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. பிளேஸ்டேஷன் 4-ல் 2014-ல் வந்த ஷேர் பிளே இதுதான், ஒரு அமர்வுக்கு 60 நிமிடம் என்ற வரம்போடு. கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் 2019 கடைசியில் வந்த ரிமோட் பிளே டுகெதரும் இதுதான், அங்கே கேம் ஒருவரிடம் இருந்தால் போதும். பார்செக் என்ற மென்பொருள் ஸ்டீமில் இல்லாத கேமுக்கும் இதைச் செய்யும். கணினியே இல்லாத நண்பன்கூட ஸ்டீம் லிங்க் ஆப் போட்ட போனில், ஒரு புளூடூத் கண்ட்ரோலரோடு வந்து சேர்ந்துகொள்ளலாம்.

சரி, இப்போது நேரக் கணக்கு. தம்பி பொத்தானை அமுக்கியதிலிருந்து அதன் பலனை அவன் திரையில் பார்ப்பது வரை என்னவெல்லாம் நடக்க வேண்டும்? பொத்தான் திருநெல்வேலியிலிருந்து மும்பை வர வேண்டும். இங்கே கேமின் அடுத்த சுற்று வரும்வரை காத்திருக்க வேண்டும். வரைந்த படத்தைச் சுருக்க வேண்டும், ஏனென்றால் 1920-க்கு 1080 அளவில் நொடிக்கு 60 படங்களைச் சுருக்காமல் அனுப்பினால் நொடிக்கு ஏறக்குறைய 3 ஜிகாபிட் ஆகும், எந்த வீட்டு இணைப்பும் தாங்காது. அதை 10, 15 மெகாபிட்டுக்கு நசுக்கும் வேலையை கிராஃபிக்ஸ் சிப்பிலேயே இருக்கும் தனிப் பகுதி சில மில்லி நொடியில் முடித்துவிடும். பிறகு அந்தப் படம் திருநெல்வேலி போக வேண்டும், அங்கே விரிய வேண்டும், திரையில் ஏற வேண்டும்.

இதில் தூரத்தின் பங்கு எல்லோரும் நினைப்பதைவிடக் குறைவு. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. மும்பைக்கும் திருநெல்வேலிக்கும் நேர்கோட்டில் ஏறக்குறைய 1,250 கிலோமீட்டர், ஆக போய்வர 13 மில்லி நொடி போதும். கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, வழியில் ரவுட்டர்கள் இருக்கின்றன என்பதால் எங்களுக்குப் பெரும்பாலும் இதைப்போல இரண்டு மூன்று மடங்கு காட்டும். ஆனால் அவன் அந்தப் பக்கம் படத்தைப் பார்ப்பது பெரிய டிவியில் என்றால், படத்தை அழகாக்குகிறேன் என்று டிவி உள்ளே செய்யும் வேலையே பல பத்து மில்லி நொடியைத் தின்றுவிடும். டிவி அமைப்புகளில் கேம் மோட் என்று ஒன்று இருக்கும், அதைப் போட்டாலே ஆயிரம் கிலோமீட்டர் பக்கத்தில் வந்த மாதிரி ஆகிவிடும். பலர் இதைத் தொடாமலேயே இணைய நிறுவனத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் சரிசெய்தாலும் ஒன்று மிஞ்சும். கேம் ஓடும் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் எனக்கு இந்தத் தாமதம் துளியும் கிடையாது, மொத்தமும் தம்பி தலையில். “அண்ணே, நா அப்பவே அமுக்கிட்டேன்லா, அது குதிக்கவே மாட்டேங்கு” என்று அவன் சொல்லும்போது அவன் சொல்வது உண்மைதான். என் கண்ணுக்கு அவன் தாமதமாக அமுக்கியதாகத் தெரியும், அவன் கண்ணுக்கு கேம் தாமதமாகக் கேட்டதாகத் தெரியும். இந்த வேலையில் இறங்கிய எல்லோரும் கடைசியில் வந்து நிற்கும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். தாமதத்தை ஒழிக்க முடியாது. அதை யார் தலையில் வைப்பது என்று மட்டும்தான் முடிவுசெய்ய முடியும்.

பழைய முறை ஒன்றில் அதை எல்லோரும் சமமாகச் சுமப்பார்கள். 1997-ல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸை, ஹாஸ்டல் கணினிகளைக் கம்பியால் இணைத்த லேன் வலையில் ஆடியவர்கள் நம்மில் நிறையப் பேர் இருப்போம். அதில் எல்லாக் கணினியிலும் முழு கேமும் ஓடும், யார் என்ன கட்டளை கொடுத்தார் என்பது மட்டும்தான் கம்பியில் போகும். நீங்கள் இப்போது கொடுத்த கட்டளை உடனே நடக்காது, இரண்டு சுற்று தள்ளித்தான் எல்லாக் கணினியிலும் ஒரே நேரத்தில் நடக்கும். அந்த இடைவெளியில் கட்டளை எல்லோரிடமும் போய்ச் சேர்ந்துவிடும். 28.8 கிலோபிட் மோடத்தில் இதை ஓடவைத்தார்கள். கிராமவாசியை மரம் வெட்டப் போகச் சொல்லிவிட்டு அவன் கால் நொடி கழித்து நகர்ந்தால் யாருக்கும் எதுவும் தோன்றுவதில்லை. அதே கால் நொடியை ஸ்ட்ரீட் ஃபைட்டர் மாதிரி சண்டை கேமில் வைத்தால் கேம் செத்துவிடும்.

சண்டை கேம்காரர்களுக்கு அதனால் வேறு வழி தேவைப்பட்டது. ஈவோ என்ற சண்டை கேம் போட்டியை நடத்தியவர்களில் ஒருவரான டோனி கேனன், ஸ்ட்ரீட் ஃபைட்டரின் இணையப் பதிப்பு ஆடிய விதம் பொறுக்காமல் 2006-ல் ஜிஜிபிஓ என்ற மென்பொருளை எழுதினார். உங்கள் பொத்தானுக்கு உங்கள் கணினி உடனே பதில் சொல்லும், எதிராளியின் பொத்தான் வந்துசேரும்வரை காத்திருக்காது. முந்தின சுற்றில் அவர் என்ன அமுக்கிக்கொண்டிருந்தாரோ அதையே இப்போதும் அமுக்குகிறார் என்று வைத்துக்கொண்டு ஓட்டும். நொடிக்கு 60 சுற்று என்னும்போது இந்த ஊகம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும், மனிதர்கள் அத்தனை வேகத்தில் பொத்தான் மாற்றுவதில்லை. ஊகம் தப்பாகிவிட்டால், கேமை அந்தப் பழைய சுற்றுக்குத் திருப்பி, சரியான பொத்தானைப் போட்டு, நடுவில் நடந்த எல்லாவற்றையும் கண்ணிமைக்கும் நேரத்தில் மறுபடி கணக்குப் போட்டு இன்றைய நிலைக்கு வந்துவிடும். உங்கள் கண்ணுக்கு எதிராளி சட்டென்று ஒரு இம்மி இடம் மாறிய மாதிரி தெரியும், அவ்வளவுதான். இங்கே ஆடுகிறவர் கை தாமதத்தைச் சுமப்பதில்லை, படம் சுமக்கிறது. இதன் மூல நிரல் 2019-ல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. இன்று ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6, டெக்கன் 8 எல்லாம் இந்த முறையில்தான் ஓடுகின்றன, பழைய ஆர்கேட் கேம்களை இப்படி ஆட ஃபைட்கேட் என்ற மென்பொருள் இருக்கிறது. பழைய கேம்களுக்கு இது சுலபமாகப் பொருந்தக் காரணம், அவற்றின் முழு நிலையும் மிகச் சிறியது, நொடிக்குப் பல தடவை சேமித்துத் திருப்ப முடியும்.

ஆக, சண்டை கேம் என்றால் வீடியோ அனுப்பும் முறையை விட்டுவிட்டு இந்தப் பக்கம் வாருங்கள். கப்ஹெட், டவர்ஃபால் மாதிரி கேம்களுக்குத்தான் வேறு வழியில்லை, வீடியோதான். அதற்கு நம் ஊர் இணைப்புகளில் எது கழுத்தைப் பிடிக்கிறது என்பதை இப்போது சொல்கிறேன்.

முதலாவது அப்லோட். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது டவுன்லோட் வேகம். இங்கே வீடியோ அனுப்புகிறவர் கேம் வைத்திருப்பவர், அவருக்கு வேண்டியது அப்லோட். மூன்று பேர் சேர்ந்தால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வீடியோ போகும், 10 மெகாபிட் வீதம் 30 மெகாபிட் வேண்டும். கண்ணாடி இழை இணைப்புகளில் பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே வேகம் கொடுக்கிறார்கள், கவலையில்லை. கூரையில் பெட்டி வைக்கும் 5ஜி இணைப்புகளில் அலைவரிசை நேரத்தின் பெரும்பகுதி டவுன்லோடுக்கே ஒதுக்கப்படுவதால் அப்லோட் நோஞ்சானாக இருக்கும். அப்புறம், அப்லோட் எவ்வளவு இருந்தாலும் அதை முழுக்க நிரப்பக் கூடாது. வீட்டில் யாராவது போனில் எடுத்த கல்யாண வீடியோக்கள் தானாக மேலே ஏற ஆரம்பித்தால் ரவுட்டரில் வரிசை கட்டி நிற்கும், 40-ல் இருந்த பிங், அதாவது செய்தி போய்வர ஆகும் மில்லி நொடி, 300-க்குப் போகும், வேகச் சோதனையில் எல்லாம் சரியாகவே காட்டும். வீடியோ நொடிக்கு எத்தனை மெகாபிட் என்பதை, அதாவது பிட் ரேட்டை, உங்கள் அப்லோடில் பாதிக்கும் கொஞ்சம் மேலே நிறுத்திவையுங்கள். அப்படியும் போதவில்லையா, படத்தை 1080-லிருந்து 720-க்கு இறக்குங்கள், புள்ளிகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போய்விடும். கப்ஹெட் மாதிரி தடித்த கோடுகள் கொண்ட படத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது.

இரண்டாவது வைஃபை. யூடியூப் சில நொடிப் படத்தை முன்கூட்டியே வாங்கிவைத்துக்கொள்கிறது, அதனால் நடுவில் தடுமாறினாலும் நமக்குத் தெரிவதில்லை. இங்கே அடுத்து என்ன நடக்கும் என்பது இன்னும் நடக்கவே இல்லை, எதை முன்கூட்டி வாங்க? சராசரி 60 மில்லி நொடியில் அசையாமல் நிற்கும் இணைப்பு, 20-க்கும் 120-க்கும் நடுவில் குதிக்கும் இணைப்பைவிட எவ்வளவோ மேல். நிலையான தாமதத்துக்குக் கை பழகிக்கொள்ளும், கொஞ்சம் முன்னாலேயே அமுக்க ஆரம்பித்துவிடும். குதிக்கும் தாமதத்துக்குப் பழகவே முடியாது. மும்பையில் எங்கள் கட்டடத்தில் வைஃபை பட்டியலைத் திறந்தால் விரல் வலிக்கத் தள்ள வேண்டும், அத்தனை வீடுகளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கத்திக்கொண்டிருக்கும். லேமிங்டன் ரோட்டில் ஒரு நீளமான லேன் கேபிள் வாங்கி, கதவு நிலையை ஒட்டி ஆணியடித்து, ரவுட்டரிலிருந்து கணினிக்கு இழுத்ததுதான் நான் இதில் செய்ததிலேயே நல்ல காரியம். கணினியை மாற்றியதுகூட அந்த அளவுக்கு உதவவில்லை. கம்பி இழுக்கவே முடியாத வீடு என்றால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறி ரவுட்டர் இருக்கும் அறையிலேயே உட்காருங்கள்.

மூன்றாவது கொஞ்சம் கண்ணுக்குத் தெரியாத விஷயம். இணையத்தில் ஒரு இணைப்பை அடையாளம் காட்டும் எண்தான் ஐபி முகவரி. அதில் பழைய வகை முகவரிகள் உலகம் முழுக்கவே ஏறக்குறைய 430 கோடிதான், ஆளுக்கொன்று கொடுக்கப் போதாது. அதனால் நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, வேன் (WAN) முகவரி, அதாவது ரவுட்டருக்கு நிறுவனம் கொடுத்த முகவரி என்ன என்று பாருங்கள். 100.64-க்கும் 100.127-க்கும் நடுவில் இருந்தால் நீங்களும் அப்படித்தான் இருக்கிறீர்கள். வெளியிலிருந்து உங்கள் வீட்டுக் கதவை யாரும் நேரடியாகத் தட்ட முடியாது. அதற்காக ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். இரண்டு வீடும் பொதுவான ஒரு சர்வரிடம் போய் ஒருவர் முகவரியை மற்றவர் தெரிந்துகொண்டு, ஒரே நேரத்தில் ஒருவருக்கொருவர் அனுப்ப ஆரம்பிப்பார்கள், உள்ளிருந்து வெளியே போனதற்கு வரும் பதில் என்று நினைத்து இரண்டு பக்கமும் வழி விட்டுவிடும். சில நிறுவனங்களின் அமைப்பில் இது பலிக்காது, அப்போது மொத்த வீடியோவும் மூன்றாவது ஊரில் இருக்கும் ஒரு இடைநிலை சர்வர் வழியாகச் சுற்றிப் போகும், இல்லையென்றால் இணைப்பே கிடைக்காது. நேற்று வரை நன்றாக ஓடியது ஒருவர் நிறுவனம் மாறியதும் ஓடாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். இரண்டு வீட்டிலும் ஐபிவி6 என்ற புதிய வகை முகவரி கிடைத்தால் அதை ரவுட்டரில் போட்டுவிடுங்கள், மென்பொருளும் அதை ஏற்றால் இந்தச் சுற்றே தேவைப்படாது.

எங்கள் கூட்டத்தில் மூன்றாவதாக ஒரு நண்பன் சிங்கப்பூரிலிருந்து வருவான். அங்கேதான் யார் கணினியில் கேம் ஓடுவது என்ற கேள்வி சூடாகும். வரைபடத்தைப் பார்த்தால் பதில் சுலபம். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடிக் கேபிள்கள் போகின்றன. மும்பையிலிருந்து போகும் படம் தரைவழியாகச் சென்னை போய் அங்கிருந்து கடலுக்குள் இறங்கினால் ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர், போய்வர ஒளிக்கே 40 மில்லி நொடி ஆகும். திருநெல்வேலியில் ஓடினால் எனக்கும் சிங்கப்பூர் நண்பனுக்கும் அது நடுவில் இருக்கும், சுமை பிரிந்துவிடும். ஆனால் தம்பி வீட்டு அப்லோட் இரண்டு பேருக்கு வீடியோ அனுப்பும் அளவுக்கு இல்லை. தூரம் ஒரு பக்கம் இழுக்கிறது, அப்லோட் இன்னொரு பக்கம் இழுக்கிறது. என் பார்வையில் அப்லோடுக்குத்தான் முதலிடம், ஏனென்றால் கூடுதல் 15 மில்லி நொடியைக் கை பொறுத்துக்கொள்ளும், கட்டம் கட்டமாக உடைந்து நிற்கும் படத்தைக் கண் பொறுக்காது. இருவர் மட்டும் ஆடும் நாளில் கேமை ஒரு வாரம் என் கணினியில், ஒரு வாரம் அவன் கணினியில் என்று மாற்றி ஓட்டுகிறோம், கேம் இருவரிடமும் இருந்தால். எதிரெதிராக ஆடும் கேமில் இதைக் கட்டாயம் செய்யுங்கள். டவர்ஃபாலில் தாமதமில்லாத ஆள் ஜெயிப்பதில் எந்தப் பெருமையும் இல்லை. கூட்டுச் சேர்ந்து ஆடும் கேமில் தாமதம் இருப்பவருக்குப் பின்னாலிருந்து சுடும் வேலை, இல்லாதவருக்குக் குதித்துத் தாண்டும் வேலை என்று பிரித்துக்கொண்டாலே பாதி பிரச்சினை போய்விடும்.

பேச்சுச் சத்தம் தனி வழியில் போகிறது என்பதையும் மனதில் வையுங்கள். படமும் குரலும் ஒரே நேரத்தில் போய்ச் சேரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. நான் “குதி” என்று கத்தும்போது தம்பி திரையில் பள்ளம் இன்னும் வந்திருக்காது, அல்லது தாண்டியே போயிருக்கும். “அந்தப் பச்சைப் பூவுக்கு அப்புறம் பள்ளம்” என்று முன்கூட்டியே இடத்தைச் சொல்வதுதான் வேலைக்கு ஆகிறது. ஹெட்செட் எல்லோருக்கும் கட்டாயம், இல்லையென்றால் கேம் சத்தம் அவன் மைக்கில் புகுந்து எனக்கே எதிரொலியாகத் திரும்ப வரும்.

தெரியாதவர்களோடு ஆடுவதற்கு முன் இன்னொன்று. பார்செக்கில் வருகிறவருக்கு கண்ட்ரோலர், கீபோர்டு, மவுஸ் என்று தனித்தனியாக அனுமதி கொடுக்கலாம். கண்ட்ரோலர் மட்டும் கொடுங்கள். கீபோர்டும் மவுஸும் கொடுத்தால் கேமைக் கீழே இறக்கிவிட்டு உங்கள் கணினியில் எதை வேண்டுமானாலும் திறக்கலாம், வங்கிக் கணக்கு திறந்திருக்கும் பிரவுசர் உட்பட.  ஸ்டீமின் ரிமோட் பிளே டுகெதரில் கேமை விட்டு வெளியே வந்தால் எதிர்ப்பக்கம் உங்கள் டெஸ்க்டாப் தெரியாது என்பது ஒரு நிம்மதி.

கனடாவில் இருக்கிறவர்களுக்கு இதெல்லாம் எடுபடுமா என்று கேட்பார்கள். மும்பைக்கும் டொராண்டோவுக்கும் சுமார் 12,500 கிலோமீட்டர், ஒளி போய்வரவே 125 மில்லி நொடி, நடைமுறையில் 200-க்கு மேல். கப்ஹெட் வேண்டாம், மனசு வெறுத்துவிடும். முறை வைத்து ஆடும் கேம்கள், புதிர் கேம்கள், வினாடி வினா கேம்கள் எல்லாம் அந்தத் தூரத்திலும் நன்றாகவே ஓடும். இல்லையென்றால் இட் டேக்ஸ் டூ மாதிரி, ஒருவர் வாங்கினால் இன்னொருவர் இலவசமாக இறக்கிச் சேர்ந்துகொள்ளும் ஃபிரண்ட்ஸ் பாஸ் உள்ள கேம்களைப் பாருங்கள். அதில் அவரவர் கணினியில் அவரவர் கேம் ஓடும், திரையை மட்டும் இரண்டாகப் பிரித்து கூட ஆடுகிறவர் பார்ப்பதையும் பக்கத்திலேயே காட்டும்.